உள்ளமைதி தனிச்சொத்து அன்று

பெங்களூரில் மன அழுத்தத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் ஒரே முடிவில்தான் வந்து நிற்கிறது: வெளியுலகை யாராலும் மாற்றிவிட முடியாது, ஆகவே அவரவர் மனத்தை அவரவரே பழக்கிக்கொள்ள வேண்டும், அமைதி உள்ளேதான் இருக்கிறது, அதற்கான வழியை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கண்டுகொள்ள வேண்டும். வெளிவட்டச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் மனிதவளத் துறையினர் ஏற்பாடு செய்யும் மூச்சுப்பயிற்சி வகுப்புகள், மாதச் சந்தா கட்டிக் கைப்பேசியில் கேட்கும் தியானச் செயலிகள், வார இறுதிகளில் நகருக்கு வெளியே நடக்கும் மௌன முகாம்கள், புத்தகக் கடைகளின் முன்வரிசையை நிரப்பும் தன்முன்னேற்ற நூல்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இந்த நம்பிக்கையே. இதனை அகத்தீர்வுக் கொள்கை என்று அழைக்கலாம். அதாவது, சமூக வாழ்வில் பிறக்கும் துயரத்துக்குத் தனிமனித மனத்துக்குள்ளேயே காரணத்தையும் தேடி, அங்கேயே மருந்தையும் தேடும் பார்வை.

இக்கொள்கை மூன்று கூற்றுகளின் மீது நிற்கிறது. ஒரே சூழலில் ஒருவர் கலங்குகிறார், இன்னொருவர் கலங்காமல் இருக்கிறார், ஆகவே அழுத்தத்தின் காரணம் சூழலில் இல்லை, அதை எதிர்கொள்ளும் மனத்தில்தான் இருக்கிறது என்பது முதலாவது. அப்படியானால் தனியாள் பயிற்சிகளே அதற்கு உரிய மருந்து என்பது இரண்டாவது. இந்திய ஞான மரபு முழுவதும் இதைத்தான் போதித்து வந்திருக்கிறது என்பது மூன்றாவது. யோகத்தையோ தியானத்தையோ அவற்றைக் கற்பிக்கும் நிறுவனங்களையோ மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றைச் சுற்றிப் பொதுப்புத்தியில் படிந்துவிட்ட இம்மூன்று கூற்றுகளுள் முதலாவது தருக்கப் பிழை, இரண்டாவது சான்றுக்கு முன் நிற்காதது, மூன்றாவது மரபைப் பாதியில் வெட்டிப் படித்ததன் விளைவு என்று காட்டுவதே நோக்கம். மன அமைதிக்கு வேண்டிய ஓய்வு நேரம், பிழைப்பின் உறுதி, செய்யும் வேலையில் சொல்லுரிமை ஆகியவற்றை எவரும் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, அவை பலர் சேர்ந்து ஈட்ட வேண்டியவை என்பதே இதன் மைய வாதம்.

எதிர்த்தரப்பின் வலுவான பக்கத்தை முதலில் ஒப்புக்கொள்வதே வாத முறை. தியானத்தால் பயன் இல்லை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க உயிரியலாளர் ஜான் கபட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பௌத்தப் பயிற்சிகளிலிருந்து ஒரு மருத்துவ முறையை வடித்தெடுத்தார். நிகழும் கணத்தை எடைபோடாமல் கவனித்திருக்கப் பழக்கும் அம்முறையே இன்று உலகெங்கும் மனமுழுமைத் தியானம் என்ற பெயரில் பரவியுள்ளது. தியானப் பயிற்சிகளைப் பற்றி நடந்த 47 சோதனைகளைத் தொகுத்து, 3,515 பேரின் விவரங்களோடு 2014இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பயிற்சி பதற்றத்தையும் மனச்சோர்வையும் உடல் வலியையும் ஓரளவு குறைக்கிறது என்று கண்டது. ஆனால் அதே ஆய்வு, உடற்பயிற்சி, மருந்து, பிற நடத்தைச் சிகிச்சைகள் ஆகியவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும் சேர்த்தே சொன்னது. ஒழுகும் கூரையின் கீழ் பாத்திரம் வைப்பவர் அறிவீனர் அல்லர், தரை நனையாமல் இருக்க அது வேண்டும்தான். ஆனால் பாத்திரம் வைத்தாகிவிட்டது என்பதால் கூரை சரியாகிவிட்டது என்று அவரிடம் எவரேனும் வாதிட்டால், மறுப்பு அங்கே தேவைப்படுகிறது.

முதல் கூற்றின் தருக்கப் பிழையை மிகத் தெளிவாக விளக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த நோய்ப்பரவல் இயலாளர் ஜெஃப்ரி ரோஸ். 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார்: இந்த ஒருவருக்கு ஏன் உயர் இரத்த அழுத்தம் வந்தது என்பது ஒரு கேள்வி, இந்த மக்கள்தொகையில் ஏன் இவ்வளவு பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு உடல்வாகும் குணமும் விடையாகலாம். இரண்டாவது கேள்விக்கு அந்த மக்கள் எல்லாருக்கும் பொதுவான ஏதோவொன்றுதான் விடையாக முடியும். ஒரே அலுவலகத்தில் ஒருவர் உடைகிறார், மற்றவர் உடையவில்லை என்ற உண்மை முதல் கேள்வியைப் பற்றியது மட்டுமே. ஒரு நகரத்தின் உழைப்பாளர் கூட்டமே ஏன் களைத்துக் கிடக்கிறது என்பதற்கு அதிலிருந்து எந்த விடையும் கிடைக்காது. அகத்தீர்வுக் கொள்கை முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவது கேள்வியின் மீது ஒட்டிவைக்கிறது.

அந்தப் பொதுவான ஏதோவொன்று என்ன என்பதையும் ஆய்வுகள் சொல்லாமல் விடவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, மனிதரை உருக்குலைப்பது வேலைப்பளு மட்டுமன்று. பளு மிகுந்தும், அதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் நிலையே மிகக் கொடியது. லண்டனில் அரசு ஊழியர்களிடையே 1985இல் தொடங்கி மைக்கேல் மார்மட் தலைமையில் நடந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வு 10,308 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் எவரும் வறியவர் அல்லர், எல்லாருமே அரசுப் பணியில் இருந்தவர்கள், ஆயினும் கீழ்நிலை ஊழியர்களுக்கு மேல்நிலை அதிகாரிகளைவிட இதயநோய் அதிகம் வந்தது, அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி தம் வேலையின் மீது அவர்களுக்கு இருந்த கட்டுப்பாட்டின் குறைவோடு தொடர்புடையதாக இருந்தது. நீண்ட வேலைநேரத்தைப் பொறுத்தவரை, உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் இணைந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம்.

இந்த அளவுகோல்களைப் பெங்களூரின் மீது வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் படம் தெளிவானது. இந்நகரின் புகழ்பெற்ற மென்பொருள் நிறுவனமொன்றை நிறுவியவர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்று 2023 அக்டோபரில் கூறினார். 2024 ஜூலையில், தகவல் தொழில்நுட்பத் துறையினர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்ய இடமளிக்கும் திருத்தம் ஒன்று கர்நாடக அரசின் முன் இருப்பது தெரியவந்து, 2017இல் தொடங்கப்பட்ட கர்நாடகத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அதை எதிர்த்து வீதிக்கு வந்தது. வேலைநேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, குறைகேட்பு ஆகியவற்றை நிர்வாகம் எழுத்தில் வரையறுத்து அரசிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று சொன்ன 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்திலிருந்து, குறைகேட்புக் குழு போன்ற சில நிபந்தனைகளோடு, அம்மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மீண்டும் மீண்டும் விலக்கு அளிக்கப்பட்டு வந்தது. இதோடு பயண நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்: டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் கணக்கின்படி, பெங்களூரில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடத்துக்கும் மேல் ஆனது. சில்க் போர்டு சந்திப்பில் நிறுவனத்தின் கேப் வண்டிக்குள், மடியில் மடிக்கணினியை விரித்துவைத்து, அலுவலகம் சேரும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்ட ஊழியரிடம் கணத்தில் வாழுங்கள் என்று உபதேசிப்பவர், அவருடைய கணங்கள் யாருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டுவிட்டன என்பதைக் கேட்பதில்லை.

அக்கேள்வியைக் கேட்காமல் விடுவதன் விளைவு எங்கே போய் முடியும் என்பதை 2024 செப்டம்பர் காட்டியது. புணேயில் ஒரு பன்னாட்டுக் கணக்காய்வு நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளம்பெண் ஒருவர் இறந்தபின், வேலைப்பளுவே மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் நிறுவனத்தின் தலைமைக்கு எழுதிய கடிதம் வெளியாகி நாடெங்கும் விவாதமானது. அப்போது, கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரான நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் பேசுகையில், எந்த வேலைக்குப் போனாலும் அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும், அவ்வலிமை இறைநம்பிக்கையிலிருந்து வரும் என்ற பொருளில் கூறினார். இறந்தவரைக் குறை சொல்லும் எண்ணம் தமக்கில்லை என்று பின்னர் அவர் விளக்கமும் தந்தார். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளலாம். இங்கே கவனிக்க வேண்டியது பேசியவரின் எண்ணம் அன்று, அகத்தீர்வுக் கொள்கை தானாகவே இழுத்துச் செல்லும் திசை. வேலைநேரத்தைக் கண்காணிக்கும் பொறுப்புடைய அரசு, அந்த வேலைநேரத்தை நிர்ணயித்த நிறுவனம், அதற்கான சட்டத்தை இயற்றவும் திருத்தவும் வல்ல சட்டமன்றம் ஆகிய மூன்றும் காட்சியிலிருந்து விலகிக்கொள்ள, இறந்தவரின் மனவலிமையும் அவரை வளர்த்த வீடும் மட்டுமே கேள்விக்கு உள்ளாகின்றன. காரணத்தை மனத்துக்குள் வைத்துவிட்டால், குற்றமும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது கூற்று, தனியாள் பயிற்சிகளே மருந்து என்பது. இதைச் சோதித்துப் பார்க்கப் பெரும் அளவிலான தரவு இப்போது இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களைக் கொண்டு, தியான வகுப்பு, மன உறுதிப் பயிற்சி, நேர மேலாண்மைப் பாடம், நலச் செயலி போன்றவற்றில் பங்கெடுத்தவர்களையும் பங்கெடுக்காதவர்களையும் ஒப்பிட்டது. பங்கெடுத்தவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஆராயப்பட்ட ஏற்பாடுகளுள் ஒன்றே ஒன்றில் மட்டும் நன்மை தென்பட்டது. அது பிறருக்காகத் தொண்டு செய்யும் வாய்ப்பு. தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சிகள் பலன் தராத இடத்தில், தன்னிடமிருந்து வெளியே வந்து பிறரோடு சேர்ந்து ஒன்றைச் செய்வது ஓரளவு பலன் தந்தது என்ற இந்த முடிவு, காரண-விளைவுத் தொடர்பையே காட்டுகிறதா, அல்லது தொண்டு செய்ய முன்வருபவர்கள் முன்பே சற்று நிறைவானவர்களா என்று விவாதிக்கலாம். ஆனால் வகுப்புகளுக்கு ஆதரவான சான்றாக அதை ஒருபோதும் காட்ட முடியாது.

நோய்நிலையிலுள்ள மனத்துயரத்தை இந்த விவாதத்திலிருந்து பிரித்துவைப்பது அவசியம். மனச்சோர்வு, பதற்றக் கோளாறு போன்றவை மருத்துவரிடம் செல்ல வேண்டிய நோய்கள். அவற்றுக்குச் சங்கமோ சட்டமோ நேரடி மருந்தாகாது. ஆனால் அங்கேயும் தனிவழிப் போதனைக்கு இடமில்லை என்பதைப் பெங்களூரின் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் பணியே காட்டுகிறது. அது 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் அந்நேரத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றோடு இருந்ததாகவும், கோளாற்றின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையானோர் சிகிச்சையே பெறாமல் இருந்ததாகவும் கண்டது. பத்தில் ஏழு பேருக்கு மேல் மருந்தும் மருத்துவரும் எட்டாத நாட்டில், குறை அவர்கள் தம் வழியைத் தேடாததில் இல்லை, பொதுச் சுகாதார அமைப்பின் கை அவர்கள்வரை நீளாததில் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி-மனாஸ் மனநலத் தொலைபேசிச் சேவை அந்தக் கையை நீட்டும் ஒரு முயற்சி. அரசுப் பணத்தில் நடக்கும் பொது ஏற்பாடு அது.

மூன்றாவது கூற்றே பலரை வாய்மூடச் செய்வது, ஏனெனில் மரபின் பெயரால் சொல்லப்படுவதை மறுப்பது மரபையே மறுப்பதாகத் தோன்றும். ஆனால் மரபை முழுமையாகப் படித்தால் அது அகத்தீர்வுக் கொள்கையின் பக்கம் நிற்பதில்லை. பதஞ்சலியின் யோக முறைக்கு எட்டு உறுப்புகள் உண்டு. அவற்றுள் ஆசனம் மூன்றாவது, மூச்சை ஒழுங்குபடுத்தும் பிராணாயாமம் நான்காவது. முதல் உறுப்பான யமம் என்பது பிறரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் கொள்ளாமை. அலுவலக வகுப்புகள் மூன்றாவது உறுப்பிலிருந்து தொடங்குகின்றன, ஏனெனில் தேவைக்கு மேல் கொள்ளாமையிலிருந்து தொடங்கினால் வகுப்பில் முதலில் அமர வேண்டியவர் நிர்வாக இயக்குநர். பௌத்தத்தில் புத்தர், தம்மம் ஆகியவற்றோடு மூன்றாவது அடைக்கலமாகச் சங்கம் வைக்கப்பட்டது, கூடி வாழ்வோரின் ஒழுங்கு இல்லாமல் தியானம் நிலைக்காது என்ற அறிவினால்தான். மருத்துவ முறையாக வடிக்கப்பட்டு அலுவலகங்களுக்குள் வந்த தியானத்தில் முதலில் கழன்று விழுந்தது அந்தச் சங்கமே. கர்நாடகத்தின் 12ஆம் நூற்றாண்டுப் பசவண்ணர் மரபில் உழைப்பை வழிபாடாகக் கருதும் காயகம் என்ற கோட்பாட்டை, ஓய்வின்றி உழைக்கச் சொல்வோர் விருப்பத்தோடு மேற்கோள் காட்டுவர். ஆனால் உழைத்துப் பெற்றதைச் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ளச் சொல்லும் தாசோகம் அதன் மறுபாதி என்பதைச் சொல்லாமல் விடுவர். வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் திறந்த இராமலிங்க வள்ளலார், பசித்தவருக்குச் சோறிடுவதையே ஆன்ம ஒழுக்கத்தின் முதற்படியாக வைத்தார். பசித்தவரிடம் அவர் தியானத்தைக் கேட்கவில்லை, அடுப்பை மூட்டினார்.

மரபும் உரிமைக் குரலும் எதிரெதிர் அல்ல என்பதற்குத் தமிழ் வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு, அதன் கடைசிப் பகுதி பெங்களூரின் பசவனகுடியில் முடிகிறது. முதல் உலகப்போரின் இறுதி ஆண்டில், சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் மாலை வேளைகளில் கூடுவதற்கு ஓர் இடம் இருந்தது. வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற அந்த வைணவ பஜனைச் சபையைச் செல்வபதிச் செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திவந்தனர். கடவுளின் குணங்களைக் கேட்க வந்தவர்கள் சபை கலைந்த பின் பேசிக்கொண்டது ஆலையைப் பற்றித்தான்: நண்பகல் உணவுக்குத் தரப்படும் அரைமணி நேரத்துக்குள் கைகழுவி, உண்டு, திரும்பி ஓட முடியவில்லை, சில நிமிடம் பிந்தினால் வாயிற்கதவு மூடப்படுகிறது. சபையை நடத்திய இருவரும் அவர்களுக்கு இன்னொரு பஜனையைப் பரிந்துரைக்கவில்லை. அடையாற்றில் பிரம்மஞான சபையில் அன்னி பெசண்டின் உடனுழைப்பாளராக இருந்த பி.பி. வாடியாவிடம் சென்று முறையிட்டனர். 1918 ஏப்ரல் 27 அன்று வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது; சைவத்திலும் சன்மார்க்கத்திலும் ஊறிய திரு.வி. கலியாணசுந்தரனார் அதன் துணைத் தலைவர்களுள் ஒருவரானார். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று பலரும் கருதும் அச்சங்கத்தின் முதல் வெற்றிகளுள் ஒன்று, உணவு இடைவேளையை நாற்பது நிமிடமாக நீட்டிக்கச் செய்தது.

அந்தப் பத்து நிமிடத்தை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அவசரமில்லாமல் உண்ணவும், ஒருமுறை நிமிர்ந்து மூச்சு விடவும், வாயிற்கதவு மூடிவிடுமோ என்ற அச்சமில்லாமல் நடந்து திரும்பவும் ஆயிரக்கணக்கானோருக்கு நாள்தோறும் கிடைத்த அமைதி அது. எந்த ஆசானாலும் அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கற்பித்திருக்க முடியாது, எந்தத் தொழிலாளியும் தனியாகப் பழகி அதை அடைந்திருக்க முடியாது. இதற்காக வாடியா கொடுத்த விலையும் சிறிதன்று. 1920இல் ஆலை நிர்வாகம் அவர் மீதும் சங்கத்தின் மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றது, அந்த வழக்கு எழுப்பிய அதிர்வு 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் முழுமையாக ஆன்மிகப் பணிக்கே திரும்பிய வாடியா, 1945இல் பசவனகுடியில் உலகப் பண்பாட்டு நிறுவனத்தை நிறுவி, 1958இல் பெங்களூரிலேயே காலமானார். அந்நிறுவனம் நிற்கும் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. உள்முகத் தேடலும் கூட்டுக் கோரிக்கையும் ஒரே மனிதரின் வாழ்வில் முரணின்றி இடம்பெற்றன என்பதை, ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை விட வேண்டும் என்று பேசும் பெங்களூர்வாசிகள் அச்சாலை வழியே போகும்போதாவது எண்ணிப் பார்க்கலாம்.

இது நூறாண்டுக்கு முந்தைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. பெங்களூரின் பீன்யாவிலும் மைசூர் சாலையிலும் பொம்மனஹள்ளியிலும் உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தையல் வரிசையில் ஒருவர் காலரை மட்டும் தைப்பார், அடுத்தவர் கையை மட்டும்; மணிக்கு எத்தனை பீஸ் முடிய வேண்டும் என்ற டார்கெட் கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கும்; ஒருவர் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் அவருடைய இயந்திரத்தின் முன் துணி குவிந்து, பின்வரிசை நின்று, சூப்பர்வைசரின் குரல் உயரும். கராசெக் சொன்ன மிகுந்த பளுவும் குறைந்த உரிமையும் இதைவிடத் துல்லியமாக வேறெங்கும் பொருந்துமா என்பது ஐயமே. இவர்களுக்கு நம்பிக்கையாக இருந்த ஒரே சேமிப்பு வருங்கால வைப்பு நிதி. வேலையை விடும்போது அதை எடுத்துக் கடனை அடைப்பர், பள்ளிக் கட்டணம் கட்டுவர். முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியபோது, ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் பல்லாயிரம் பெண்கள், பெரும்பாலும் எந்தச் சங்கத்தின் அழைப்பும் இல்லாமல், ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் வந்து அமர்ந்தனர். போராட்டத்தில் வன்முறையும் தடியடியும் நேர்ந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் நாள் மாலைக்குள் அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. நாளைய செலவைப் பற்றிய அச்சம் நீங்கியதால் அப்பெண்களுக்கு அன்றிரவு வந்த உறக்கத்தை, அகத்தீர்வுக் கொள்கை தன் கணக்கில் எங்கே எழுதும்? பெங்களூரின் தெருக்களைப் பெருக்கும் பௌரகார்மிகர்கள், ஒப்பந்த முறையை ஒழித்துத் தங்களை நிரந்தரமாக்கக் கோரி 2022 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்து, 2025 மே நாளில் 12,692 பேருக்கு நிரந்தரப் பணி ஆணை பெற்றதையும் இதே வரிசையில் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நடந்தவை இதையே உறுதிப்படுத்துகின்றன. ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றே இருக்க வேண்டிய பெண்களின் கால்வலியைக் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தொடங்கிய பெண்கள் அமைப்பொன்று உரிமைக் கோரிக்கையாக்கியது. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தின. தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைக் கர்நாடகம் 2023 பிப்ரவரியில் நிறைவேற்றியது; அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றமும் அத்தகைய மசோதாவை நிறைவேற்றியது, ஆனால் தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. ஓசூரில் வேலை செய்பவருக்கும் எல்லையைத் தாண்டி ஆனேக்கலில் வேலை செய்பவருக்கும் மனம் ஒன்றுதான், மூச்சும் ஒன்றுதான். சட்டம் அவர்களுடைய மாலைப்பொழுதைக் காக்கிறதா இல்லையா என்பதுதான் வேறு.

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுமொழிகள் வருவது வழக்கம். சமூகம் மாறும்வரை தனிமனிதர் காத்திருக்க முடியுமா என்பது ஒன்று. காத்திருக்க வேண்டியதில்லை, பெரம்பூர்த் தொழிலாளர்கள் உலகம் மாறக் காத்திருக்கவில்லை, பத்து நிமிடத்தைத்தான் கேட்டார்கள். மூச்சுப்பயிற்சி செய்பவர் அதையும் செய்துகொண்டே சங்கத்தில் சேரலாம். இரண்டுக்கும் இடையே பகை கற்பிப்பது அகத்தீர்வுக் கொள்கைதான். வசதியும் ஓய்வும் உள்ளவர்களும் அமைதியற்று இருக்கிறார்களே என்பது இரண்டாவது. அது உண்மை, நேரமும் உறுதியும் அமைதிக்குப் போதுமானவை என்று இங்கே சொல்லப்படவில்லை, அவை இல்லாமல் அமைதியைக் கேட்பது நியாயமில்லை என்றுதான் சொல்லப்படுகிறது. செல்வந்தரின் சலிப்பைக் காட்டித் தையல் வரிசையில் இருப்பவரின் களைப்பை அளக்க முடியாது. நாஜி வதைமுகாமில் இருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், எல்லாம் பறிக்கப்பட்ட பின்னும் தன் மனப்பாங்கைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மனிதரிடம் எஞ்சுகிறது என்று காட்டவில்லையா என்பது மூன்றாவது. காட்டினார், ஆனால் அவர் எழுதியது பறிக்கப்பட்ட பின் எஞ்சியதைப் பற்றிய சாட்சியம். பறிப்பதற்கான அனுமதியாக அதைப் படிப்பவர்கள் அந்தச் சாட்சியத்துக்கே துரோகம் செய்கிறார்கள்.

ஆகவே தனக்கான வழி என்ற சொல்லாட்சியைக் கைவிட வேண்டியதில்லை. அது எதைக் குறிக்கலாம், எதைக் குறிக்கக் கூடாது என்று வரையறுத்தாலே போதும். ஒருவர் தியானத்தைத் தேர்வதும், இன்னொருவர் கோயிலைத் தேர்வதும், மற்றொருவர் கப்பன் பூங்காவின் மரநிழலில் புத்தகத்தோடு அமர்வதும் அவரவர் உரிமை, அதில் அரசுக்கோ நிறுவனத்துக்கோ அறிவுரை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த நிழலில் உட்கார ஒரு மணி நேரம் வேண்டும். பூங்கா பூட்டப்படாமல் இருக்க வேண்டும், பெங்களூரின் மாநகராட்சிப் பூங்காக்கள் முற்பகலில் பூட்டப்பட்டு வந்ததும் 2024இல்தான் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்துவைக்க முடிவானதும் நினைவுகூரத்தக்கவை. அங்கே போய்ச்சேரப் பேருந்தோ மெட்ரோவோ வேண்டும், அதன் கட்டணம் கைக்கு எட்ட வேண்டும். போன இடத்தில் அலுவலகத்தின் தொலைபேசி அழைப்பை எடுக்காவிட்டால் வேலை போகாது என்ற உறுதி வேண்டும், 2017 முதல் பிரான்சும் 2024 முதல் ஆஸ்திரேலியாவும் சட்டத்தின் வழியே தர முனைந்திருக்கும் உறுதி அது. ஊழியரின் உள்ளமைதியில் உண்மையான அக்கறையுள்ள நிறுவனம், பயிற்சி ஆசிரியரை அழைப்பதற்கு முன், வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பதை எழுத்தில் தரட்டும். அமைதிக்கான வழியை ஒவ்வொருவரும் தாமே தேடிக்கொள்ளட்டும். அந்தத் தேடலுக்கு வேண்டிய மாலைப்பொழுதையும் தனியாகவே தேடிக்கொள்ளச் சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை, அதைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் வேலை, கொடுக்கச் செய்வது சட்டத்தின் கடமை.